மிச்ச வெயிலில் ஒரு வாளி வெந்நீர்

ஒரு ஊர்ல, மாடி மேல எட்டு சோலார் தகடு, மாடிக்குக் கீழ ஒரே ஒரு ஆளுன்னு ஒரு வீடு இருந்துச்சாம்.

ம் சொல்லு கண்ணு. போன்ல நீ தலையாட்டினா இங்க எனக்கு எப்படித் தெரியும்?

"ம்."

ஆங், அப்படி. போனைத் தலைகாணி மேல வெச்சுக்கோ, கையில பிடிச்சுக்கிட்டே தூங்காத. அம்மா லைட்டை அணைச்சாச்சா? சரி.

அந்த ஊரு ஓசூருக்குப் பக்கத்துல. மார்கழி வந்தா குழாயைத் திறக்கவே விரல் பயப்படும், அப்படிக் குளிரும். அந்த வீட்டுல இருந்த ஒரே ஆளு பேரு வசுமதி.

"ஐ! அத்தை, உங்க பேரு!"

உலகத்துல ஒரே ஒரு வசுமதிதானா? குறுக்க பேசினா கதை ரோசப்பட்டு எழுந்து போயிடும். கேளு.

அந்த வசுமதிக்குத் தொண்டையில ஒரு தாழ்ப்பாள் இருந்துச்சு. மனசுக்குள்ள நூறு பேச்சு ஓடும். வாய்க்கிட்ட வந்ததும் டபக்குனு தாழ்ப்பாள் விழுந்துடும். வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல கம்பெனி வேலை பார்ப்பா, அதுலயும் எழுதித்தான் பேசுவா. காய் வண்டிக்காரர் வந்தா விரலைக் காட்டுவா. ஒரு கிலோன்னா ஒரு விரல். அரைக் கிலோன்னா அதே விரலைப் பாதி மடக்குவா.

அந்த எட்டுத் தகடும் அவ அப்பா போட்டது. அண்ணன் குடும்பம் வெளிநாட்டுல இருந்து வந்துடும், பேரப்பிள்ளைங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு குளிக்கும், துணி மெஷின் ஓடும்னு நினைச்சு எட்டுத் தகடு போட்டாரு, நூறு லிட்டர் கீசரும் வாங்கி மாட்டினாரு. அண்ணன் வரல. அப்புறம் ஒரு நாள் அப்பாவும் இல்ல. தகட்டுக்கு இந்த விஷயம் தெரியாதுல்ல? தினமும் வெயில் வந்ததும் பத்துப் பேருக்கு ஆகுற கரண்டைக் கீழ அனுப்பிடும்.

அந்தக் கரண்டு வீடு முழுக்க ஓடி ஓடிக் கேக்கும்.

"ஃபேனு ஃபேனு, உனக்கு வேணுமா?"

"கொஞ்சம் போதும்பா. ஒரு ஆளுக்குத்தானே சுத்துறேன்."

"ஃப்ரிட்ஜு ஃப்ரிட்ஜு, உனக்கு?"

"உள்ள ஒரு தயிர்க் கிண்ணம்தான் இருக்கு. வேண்டாம்."

"கீசரு கீசரு, நீயாவது?"

"காலையிலயே ஒரு வாளி குளிச்சாச்சு. இனி என்னை யாரு தேடுறா, போ."

அப்போ கரண்டு என்ன பண்ணும்? மிச்சத்தைத் தூக்கிக்கிட்டு மீட்டர் வழியா தெருக் கம்பிக்குப் போகும். காலையில தெரு வாங்கிக்கும். மத்தியானம் ஆச்சுன்னா, தெருவுல எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க, எல்லா மாடித் தகடும் ஒரே நேரத்துல கரண்டைத் தள்ளும். தெருக் கம்பி, "அய்யோ, என்னால தாங்காது, உள்ள போ"ன்னுடும். உடனே வீட்டுச் சுவத்துல ங்ங்ங்னு பாடிக்கிட்டிருந்த சோலார் பெட்டி, டக்! நின்னுடும். சிவப்பு விளக்கு எரியும். கொஞ்ச நேரம் கழிச்சு ங்ங்ங். மறுபடி, டக்!

அந்த வீட்டுல பகல் முழுக்கக் கேக்குற சத்தம் அது ஒண்ணுதான். வசுமதி சோத்துத் தட்டை மடியில வெச்சுக்கிட்டு அதையே கேட்டுக்கிட்டிருப்பா.

"பாவம்."

யாரு, பெட்டியா? சரி, ம் சொல்லு.

"ம்."

அப்போ ஒரு நாள் மத்தியானம், டக்குக்கும் டக்குக்கும் நடுவுல வேற ஒரு சத்தம் கேட்டுச்சு. "ங்கா!"

வசுமதி ஜன்னல்கிட்ட ஓடுனா. எதிர்ல, ஒத்தை ரூம் ஒத்தை ரூமா வரிசையாக் கட்டின லைன் வீடு. அதுல பச்சையம்மான்னு ஒரு பொண்ணு, பிள்ளை பெத்து ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தா. அவ வீட்டுக்காரர் மாதேஷு கம்பெனி பஸ் ஓட்டுறவரு, விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாரு. ரெண்டு பேரும் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் கட்டினவங்க. அதனால அந்தப் பக்கமும் யாரும் வரல, இந்தப் பக்கமும் யாரும் வரல.

பிள்ளை பெத்த வீட்டுல பெரியவங்க யாராவது இருந்து, வாளி வாளியா சுடுதண்ணி ஊத்தணும். அம்மாவுக்கு இடுப்புக்கு ஊத்தணும், பாப்பாவைக் கால் மேல குப்புறப் போட்டு முதுகுக்கு ஊத்தணும். பச்சையம்மாவுக்கு யாரு இருக்கா? வெயில் வாசலுக்கு வர்ற நேரம் பார்த்து, ஒத்தை அடுப்புல காய்ச்சின அரை வாளித் தண்ணியை வெச்சுக்கிட்டு, துவைக்கிற கல்லு பக்கத்துல காலை நீட்டி உட்காருவா. மோந்து ஊத்துறதும் அவதான், பாப்பாவைப் பிடிக்கிறதும் அவதான். நாலு சொம்புல தண்ணி தீர்ந்துடும். பாப்பா குளிர்ல வீல்னு கத்தும்.

"அவ்வளவுதான் சாமி, தண்ணி ஆயிடுச்சு. அழாத, அவ்வளவுதான்."

அடுத்த ரூம் பூக்காரம்மா கேப்பாங்க. "ஏன்டி, நான் கொஞ்சம் காய்ச்சித் தரட்டா?"

"வேண்டாங்க்கா. உங்க சிலிண்டரும் காசு போட்டுத்தானே வாங்குறீங்க."

அப்படி ஒரு பிடிவாதம் அவளுக்கு. யாருக்கும் செலவு வெக்கக் கூடாது. வசுமதி ஜன்னல்ல நின்னு இதைக் கேட்டா. கேட்டுட்டே இருக்கும்போது பின்னாடி சுவத்துல, டக்!

வசுமதி திரும்பி அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தா. மிச்சம்! யாருக்கும் வேண்டாம்னு போறதுதானே இது? இதுல தண்ணி காய்ச்சினா யாருக்கு என்ன செலவு?

அவ கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தா. "இது மிச்சம். வெயில்ல காஞ்சது. நீங்க வாங்கிக்கலைன்னா வீணாத்தான் போகும்." கண்ணாடிக்கிட்ட நல்லாத்தான் சொன்னா.

"ம்."

அப்புறம், முதல் நாள். வெயில் சுள்ளுனு ஏறினதும் கீசரைப் போட்டா. பார்த்தா, மலைப் பக்கமிருந்து ஒரு மேகம், ஆடி அசைஞ்சு வந்து தகட்டை மூடிடுச்சு. தகடு தராட்டி கீசர் சும்மா இருக்குமா? தெருக் கரண்டைச் சர்ர்ருனு உறிஞ்ச ஆரம்பிச்சுடுச்சு. அது மிச்சம் இல்லையே! ஓடிப்போய் அணைச்சா. மேகம் போச்சு, போட்டா. இன்னொரு மேகம், அணைச்சா. மாடிக்கு ஓடி வானத்தைப் பார்க்கிறதும், தடதடன்னு கீழ வந்து சுவிட்சைத் தட்டுறதும். கால் வலிச்சதுதான் மிச்சம். தண்ணி வெதுவெதுன்னு கூட ஆகல, அதுக்குள்ள எதிர்ல பாப்பா அழுது முடிச்சுத் தூங்கிடுச்சு.

ரெண்டாவது, ஒரு டைமர் வாங்கி மாட்டினா. பத்து மணிக்குத் தானாப் போடும், பன்னெண்டுக்குத் தானா அணைக்கும். அன்னைக்கு அவளும் நிம்மதியா வேலை பார்த்தா. மழை சோன்னு ஊத்தினதைக் கூடக் கவனிக்கல. பன்னெண்டு மணிக்கு மழை விட்டுச்சு. குழாயைத் திறந்தா, ஆவி பறக்குது! சந்தோஷத்துல வாளியைத் தூக்கிக்கிட்டு, செருப்புக் கூடப் போடாம தெருவைத் தாண்டிட்டா. பச்சையம்மா முன்னாடி போய் நின்னா. தாழ்ப்பாளைப் பல்லைக் கடிச்சுத் தூக்கிட்டு, "இது... வெயில்ல... மிச்சம்"னா.

பச்சையம்மா வாளியைப் பார்த்தா. வானத்தைப் பார்த்தா. துவைக்கிற கல்லுல தேங்கி நின்ன மழைத் தண்ணியைப் பார்த்தா.

"எந்த வெயில்லங்க காஞ்சுச்சு? விடிஞ்சதுல இருந்து மழைங்க."

டபக்! தாழ்ப்பாள். டைமருக்கு ஏது கண்ணு? மழைன்னு அதுக்குத் தெரியுமா? மொத்தமும் தெருக் கரண்டு.

"உங்களுக்கு பில்லு ஏறுங்க. எடுத்துட்டுப் போயிடுங்க. கோவிச்சுக்காதீங்க."

வசுமதி வாளியைத் திரும்பத் தூக்கிட்டு வந்தா. போகும்போது தெரு சின்னதா இருந்துச்சு, வரும்போது நீளமாயிடுச்சு. வாளியை வாசப்படியில வெச்சுட்டு உட்கார்ந்தா. ஆவி கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு, நின்னு, தண்ணி பச்சைத் தண்ணி ஆகுற வரைக்கும் அவ எழுந்திருக்கவே இல்ல.

...கண்ணு? இருக்கியா?

"ம். மூணாவது?"

மூணாவது, ஒரு கெட்டிக்காரப் பெட்டி வரவழைச்சா. அதுக்கு ஒரு கிளிப்பு உண்டு, துணி காயப்போடுற கிளிப்பு மாதிரி. அதை மீட்டர்கிட்ட ஒயர்ல கவ்வ விட்டுட்டா, எவ்வளவு கரண்டு வெளிய போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். சொட்டுப் போனா சொட்டு, குடம் போனா குடம், போற அளவை மட்டும் பிடிச்சுக் கீசருக்குத் திருப்பி விடும். மேகம் வந்தா அதுவே கையைக் கட்டிக்கும்.

சாதிக் அண்ணன்னு எலக்ட்ரீஷியன், அவரு வந்து மாட்டினாரு. கிளிப்பு மேல ஒரு அம்புக்குறி. அம்பு தெருவைப் பார்க்கணும்னு கூட வந்த காகிதத்துல படம் போட்டிருந்துச்சு. அண்ணன் மாட்டினதுல அம்பு வீட்டைப் பார்த்துச்சு. வசுமதி அதைக் கண்ணாலப் பார்த்தா. சொல்லணும்னு வாயைத் திறந்தா. டபக்! "டீ... சாப்பிடறீங்களாண்ணா?"ன்னு முடிச்சுட்டா.

"ஹ்ஹ்!"

சிரிக்காத. அப்புறம் என்ன ஆச்சு? அம்பு திரும்பி இருந்தா அந்தப் பெட்டிக்கு உள்ள வர்றது வெளிய போற மாதிரித் தெரியும், வெளிய போறது உள்ள வர்ற மாதிரித் தெரியும். மத்தியானம் வெயில் பொங்கி வழியுது, கீசர் ஜில்லுனு கிடக்கு. சாயங்காலம் வசுமதி ஒரு லைட்டைப் போட்டா, அவ்வளவுதான், பெட்டிக்கு ஒரே குஷி! தெருக் கரண்டை அள்ளி அள்ளிக் கீசர்ல கொட்டுது, தண்ணி தளதளன்னு கொதிக்குது. மூணு நாள் அப்படியே. மூணு நாளும் எதிர்ல, "அவ்வளவுதான் சாமி, தண்ணி ஆயிடுச்சு."

நாலாவது நாள் பச்சையம்மா அதைச் சொல்லவே இல்ல. பாப்பாவைக் குளிப்பாட்டவே இல்ல. பாப்பாவுக்குச் சளி. லொக்கு லொக்குனு இத்தனூண்டு இருமல், தெருவைத் தாண்டி வந்து வசுமதி காதுல விழுந்துச்சு.

வசுமதி போனை எடுத்தா. நம்பரைப் போட்டா.

"அண்ணா. அந்த அம்பு... அம்பு தெருவைப் பார்க்கணும்ணா. இப்போ வீட்டைப் பார்க்குது."

"அட, ஆமாம்மா! மாட்டும்போது பக்கத்துலதானே நின்னீங்க, அப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் டீ கேட்டேன்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. வந்து கிளிப்பைக் கழட்டி, திருப்பி, க்ளிக்.

அன்னைக்கு வானத்துல பொட்டு மேகம் இல்ல. மணி பதினொண்ணு ஆச்சு, பன்னெண்டு ஆச்சு. சுவத்துப் பெட்டி ங்ங்ங்னு பாடிக்கிட்டே இருந்துச்சு. டக்கு வரல. அந்த வீட்டுல, வெயில் இருந்தும் முதல் தடவையா டக்கு வரல. வசுமதி கீசர் மேல கையை வெச்சுப் பார்த்தா. நல்ல சூடு.

வாளியோட போய் நின்னா. தாழ்ப்பாள் விழறதுக்குள்ள மடமடன்னு சொன்னா. "இது மிச்சம். வெயில்ல காஞ்சது. மேல பாருங்க. நீங்க வாங்கிக்கலைன்னா வீணாத்தான் போகும்."

பச்சையம்மா நெத்தியில கையை வெச்சு மேல பார்த்தா. வெயில்ல கண்ணு கூசுச்சு. கையைத் தண்ணியில விட்டா. விட்ட கையை வெளிய எடுக்கவே இல்ல, அப்படியே கொஞ்ச நேரம் வெச்சுக்கிட்டா.

"எவ்வளவு இருக்குங்க?"

"நூறு லிட்டர்."

"அடேங்கப்பா! எருமையவே குளிப்பாட்டலாம் போலிருக்கே. சளி விடட்டும், நாளான்னைக்கு பாப்பாவுக்கு. இப்போ என் இடுப்புக்கு ஊத்துறீங்களா? எனக்கு எட்ட மாட்டேங்குது."

பச்சையம்மா அப்படித்தான் முதல் நாள் குளிச்சா, கதவைச் சாத்திக்கிட்டு. பாதியில அவ அழுதா. வசுமதி ஊத்திக்கிட்டே இருந்தா.

ரெண்டு நாள் கழிச்சு பாப்பா. பச்சையம்மா பிடிச்சுக்குவா, வசுமதி ஊத்துவா. பாப்பா கத்தல. வாயை ஆன்னு திறந்து வெச்சுக்கிட்டுத் தண்ணி விழற சத்தத்தைக் கேட்டுச்சு. கடைசிச் சொம்பைப் பாப்பா தலையைச் சுத்தி மூலையில ஊத்தணும், கண்ணு படாம இருக்க. அதை யாரு பண்றது? பச்சையம்மா சொம்பை வசுமதி கையில கொடுத்து, "நீங்க சுத்துங்க, அத்தைதானே"ன்னா.

"அந்தப் பாப்பா நான்!"

இன்னும் தூங்கலையா நீ?

"அப்புறம்?"

அப்புறம் பாப்பா வளர்ந்துச்சு. தவழ்ந்து தெருவைத் தாண்டி வந்துச்சு, நடந்து வந்துச்சு, ஓடி வந்துச்சு. "அத்தே, வெயில் தண்ணி!"ன்னு கத்திக்கிட்டே வரும். அப்புறம் மாதேஷைக் கம்பெனி வேற ஊருக்கு மாத்திட்டாங்க. ஒரு லாரி வந்துச்சு. பாத்திரம், கட்டிலு, துவைக்கிற கல்லு பக்கத்துல இருந்த வாளி, எல்லாம் ஏறிடுச்சு.

தகட்டுக்கு அதுவும் தெரியாது. மறுநாளும் வந்துச்சு வெயில். கெட்டிக்காரப் பெட்டியும் பிடிச்சுப் பிடிச்சுத் தண்ணியைக் காய்ச்சிடுச்சு. எடுக்க ஆள் இல்ல, தண்ணி சூடாவே இருக்கு. இதுக்கு மேல வேண்டாம்னுடுச்சு கீசரு. அப்போ சுவத்துல, டக்!

வசுமதி தட்டைக் கீழ வெச்சுட்டா. இத்தனை வருஷம் கழிச்சு அந்தச் சத்தம்.

ம் சொல்லு.

"ம்... அத்தை, பொங்கலுக்கு வர்றோம்ல. வெயில் தண்ணி இருக்குமா?"

இருக்கும். நூறு லிட்டரும் இருக்கும்.

"அன்னைக்கு மேகம் வந்துட்டா?"

மேகம் வந்துட்டா... அன்னைக்கு ஒரே ஒரு நாள், வசுமதி தெருக் கரண்டுல காய்ச்சிடுவா. உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.

"ம்..."

கண்ணு?

கண்ணு, ம் சொல்லு.

சரி சரி, மூச்சு கேக்குது. வெயில் கீசருக்குள்ள போயாச்சு, கதை வாளிக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ. தூங்கு.

போனை அம்மா வந்து வெக்கட்டும். நான் வெக்கல.