ராஜாவின் இட்லிக்கு ஏழு காவல்

குமுத நாட்டு அரண்மனையில் சிம்மாசனத்துக்கு அடுத்த மரியாதை ஒரு சர்வருக்குத்தான். விதைநெல்லோ மருந்தோ, குடிமக்கள் எது கேட்டாலும் விண்ணப்பம் அதன் வழியாகத்தான் போகவேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவள் செண்பகவல்லி. வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். ஆனால் வேலையில் புலி.

ஒரு ஆடி மாதம் அந்தச் சர்வருக்குப் பாதுகாப்பு அப்டேட் ஒன்று வந்தது. போட்டார்கள். அவ்வளவுதான், சர்வர் படுத்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் வந்துகொண்டிருந்த விதைநெல் சீட்டு அரை நாளாகியும் வரவில்லை. திரையில் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து நாளாக இதே கதை. வெளியே வானம் கறுத்துவிட்டது. இந்த மழைக்கு விதைக்காவிட்டால் அந்த வருஷம் பல வீடுகளில் அடுப்பு எரியாது. உழவர்களின் வரிசை கோட்டையையே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

செண்பகவல்லி சர்வரைக் குடைந்து பார்த்தாள். காவல் மந்திரி மார்த்தாண்டர் ஏற்கெனவே ஆறு காவல் மென்பொருள்களை அதில் ஏற்றி வைத்திருந்தார். அப்டேட்டோடு வந்தது ஏழாவது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஏழும் சோதித்தன. பிறகு ஒன்றின்மேல் ஒன்று சந்தேகப்பட்டு, ஒன்றையொன்று சோதித்தன.

சபையில் போய்ச் சொன்னாள். "மன்னா, புதுசு ஒன்றே போதும். பழைய ஆறையும் எடுத்துவிடலாம்."

மார்த்தாண்டர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா மன்னா! எதிரிக்குக் கதவைத் திறந்துவிடச் சொல்கிறாள்!"

எதிரி என்றதும் ராஜா கீர்த்திவளவனுக்கு வியர்த்துவிட்டது. "காவலில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது! சர்வருக்கு என்ன காவலோ, அதே காவல்தான் எனக்கும். ஆனால் நாளைக்குள் பழைய வேகம் வந்தாக வேண்டும். வராவிட்டால், அம்மணி, நீ மூட்டை கட்டலாம்."

மார்த்தாண்டர் மீசையைத் தடவிக்கொண்டார். அந்த வேலைக்கு அவருடைய மைத்துனன் தயாராக இருந்தான்.

செண்பகவல்லிக்கு ராஜா சொன்னதில் ஒரு வாக்கியம் மட்டும் காதிலேயே நின்றது. நேரே மடைப்பள்ளிக்குப் போய், "ராஜ உத்தரவு" என்று எதையோ சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை. ராஜா பசியோடு உட்கார்ந்தார். தட்டில் ஆவி பறக்க நாலு இட்லி. ஒரு காவலன் கிள்ளி ருசி பார்த்து, "விஷமில்லை" என்றான். அடுத்தவன், "அதை நீ சொன்னால் நான் நம்பிவிடுவதா?" என்று அவனும் கிள்ளினான். இப்படி ஏழு பேர். பிறகு ஏழு பேரும் ஒருவர் வாயை ஒருவர் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியன் உச்சிக்கு வந்தபோது தட்டு ராஜாவிடம் வந்தது. அதில் கட்டைவிரல் அளவு இட்லி. சாம்பார் காய்ந்து தட்டோடு ஒட்டியிருந்தது.

"யார் செய்த கூத்து இது?" ராஜா கர்ஜித்தார்.

"தங்கள் உத்தரவு மன்னா," என்றாள் செண்பகவல்லி. "சர்வருக்கு என்ன காவலோ அதே காவல் தங்களுக்கும்."

"சாப்பாட்டுக்கு ஒருத்தன் போதாதா? மிச்ச ஆறு பேரையும் விரட்டு!"

"ஆகட்டும். சர்வரிலும்தானே?"

ராஜா சரியென்று தலையை ஆட்டினார்.

அவள் ஓட்டமாய் ஓடினாள். ஆறும் வெளியே போயின. அப்டேட் மட்டும் காவலுக்கு நின்றது. சீட்டுகள் மளமளவென்று வந்து விழுந்தன. முதல் தூறல் விழும்முன் கடைசி மூட்டை விதைநெல்லும் கோட்டையைத் தாண்டிவிட்டது.

மாலைச் சபையிலும் மார்த்தாண்டர் விடுவதாக இல்லை. "என் காவல் இருந்தவரை ஒரு திருடனாவது உள்ளே நுழைந்தானா? அவளையே கேளுங்கள்!"

ராஜா அவளைப் பார்த்தார்.

செண்பகவல்லி கைகூப்பினாள். "மந்திரியார் சொல்வது சத்தியம் மன்னா. ஒரு திருடன் வந்தான். ஒன்பது நாள் முட்டிப் பார்த்தான். பத்தாம் நாள், 'உங்கள் சர்வர் வேலை செய்யவில்லை' என்று புகார் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விட்டான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். திருடனின் புகாருக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதும் வேலையை மார்த்தாண்டருக்குக் கொடுத்தார்.