ஜன்னல் சங்குப்பூ

சிவப்பு மையைத் தண்ணீராய்ச் செலவழித்த கணக்கு வாத்தியார் குழந்தைவேலு, ஓய்வு பெற்றதும் டேப்லெட்டில் படம் வரையக் கிளம்பினார். வீட்டுக்கு வந்து சொல்லித்தருகிறவள் நிறைமதி. ஒன்பதாம் வகுப்பில் அவரிடம் குட்டு வாங்கிய அதே நிறைமதிதான். இப்போது அவளை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். அவள் கெஞ்சியும் கேட்கமாட்டார்.

டேப்லெட்டில் ஒரு வசதி. இரண்டு விரலால் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். தப்பைக் கண்டால் பொறுக்காத மனிதருக்கு, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி! போன வாரம் வேட்டியில் சாம்பார் சிந்தியபோது, வேட்டியையே இரண்டு விரலால் தட்டினாராம். அவர் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்கு அவர் சிரிக்கிற நிலைமையில் இல்லை. மகள் பூங்குழலிக்குக் கல்யாணம். "ஜன்னல்ல நான் வச்ச சங்குப்பூக் கொடியை நீங்களே வரைஞ்சு பத்திரிகையில போடணும்ப்பா" என்று ஆசையாகக் கேட்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் படம் வராவிட்டால், அச்சகத்துக்காரர் தன்னிடம் இருக்கிற மயிலைப் போட்டுவிடுவார். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அந்த மயில்தான்.

நிறைமதி வந்தபோது திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. காலையிலிருந்து வரைகிறாராம்.

"மிஸ், குத்தமில்லாத கோடு எப்பதான் வரும்?"

நிறைமதி டேப்லெட்டைக் கையில் வாங்கினாள். திரையில் நடப்பதெல்லாம் பதிவாகும்படி முன்பே வைத்திருந்தாள். காலையில் பதிவானதை ஓடவிட்டாள்.

கோடு வந்தது, போனது. வந்தது, போனது. திடீரென்று ஒன்று சுருண்டு, தயங்கி, துள்ளி மேலே ஏறியது.

"நிறுத்துங்க! அதுதான் சங்குப்பூ! எந்தப் படுபாவி அழிச்சான்?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அதைப் போடறப்ப எங்க பார்த்துட்டிருந்தீங்க சார்?"

"பூங்குழலி கொடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தா. திரும்பிப் பார்த்துட்டே கையை ஓட்டினேன்." தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சே மிஸ்! அதே கோட்டுக்கு இப்ப எங்க போவேன்?"

சுவரைப் பார்த்திருந்த நாற்காலியை நிறைமதி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"கொடி எங்கேயும் போகலையே சார்."

உட்கார்ந்து பார்த்தார். கம்பியைப் பிடித்து ஏறிய கொடி, பாதியில் மனசு மாறி, துணி காயப்போடும் கயிற்றுக்குத் தாவி, அங்கே நீலம் நீலமாய்ப் பூத்துக் கிடந்தது. அட, இந்தச் சேட்டையை இத்தனை நாள் கவனிக்கவில்லையே! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை எடுக்காமல் வரைந்தார். முடித்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஐயையோ, கோணல்!"

இரண்டு விரலும் எழும்பின.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அச்சகத்துக்காரர்.

"என்ன வாத்தியாரே, மயிலையே போட்டுடவா?"

விரல்கள் அந்தரத்தில் நின்றன. போனைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "என்ன சொல்லட்டும் மிஸ்?"

நிறைமதி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஜன்னலைப் பார்த்துட்டுச் சொல்லுங்க சார்."