கரடிக்கு முன்பல் இரண்டு போன கதை

மிருகங்களெல்லாம் வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கரடிக்கும் வாய் நிறையப் பல் இருந்தது. நம்ப மாட்டீர்களே! கேளுங்கள்.

சடைச்சி என்றொரு தாய்க்கரடி. தவமாய்த் தவமிருந்து பெற்ற ஒரே குட்டி சுருளி. அவன் லேசாக முனகினால் போதும், இவளுக்கு உயிரே போய்விடும். அழுதால் தேன், சிரித்தால் தேன், தூங்கும்போதும் வாயில் ஒரு துண்டு தேனடை!

பக்கத்துப் பொந்து முள்ளம்பன்றி மூக்காயி சொல்லிப் பார்த்தாள். "ஏ சடைச்சி, புள்ளைக்குக் கிழங்கு, காயின்னு கடிக்கக் கொடுடி. தூக்கத்துலயும் இனிப்பு ஊறிக்கிட்டே கெடந்தா பல்லு என்னத்துக்கு ஆகும்?"

"உன் கொள்ளிக்கண்ணு படாம இருந்தாப் போதும். போடி!"

பல் முதலில் பழுப்பானது. அப்புறம் குழி விழுந்தது. சுருளி வலியில் கத்திய கத்தலில் காடே கலங்கியது. கடைசியில் மேல்வாயின் நடுப்பல் இரண்டும் பொடிந்து விழுந்தன.

"பால்பல்லுதானே, முளைச்சிடும்" என்று சடைச்சி தெம்பாகத்தான் இருந்தாள். விடிந்ததும் குட்டியின் வாயைப் பிளந்து பார்ப்பதே வேலை. மற்றதெல்லாம் முளைத்தது. அந்த இரண்டும் முளைக்கவே இல்லை. சொத்தை ஈறுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

தேன் காலமும் முடிந்தது. கிழங்கைக் கடிக்க முடியாமல் சுருளி எலும்பும் தோலுமானான். "பாவி, என் கையாலேயே கெடுத்தேனே!" என்று அழுதுகொண்டே சடைச்சி ஒரு கறையான் புற்றைப் பிளந்தாள். கறையான்கள் குடுகுடுவென்று உள்ளே ஓடின. எட்டிக் கடித்தால் இவள் வாயில் வெறும் மண்தான்.

பசி பொறுக்காத சுருளி புற்றில் வாயை அழுத்தி, "பூ!" என்று மண்ணை ஊதினான். மூச்சை இழுத்தான் பாருங்கள், சர்ர்ர்! பல் போன சந்து வழியாகக் கூட்டங்கூட்டமாய்க் கறையான் உள்ளே பாய்ந்தது!

"அம்மா! தோண்டு, தோண்டு! இன்னும் தோண்டு!"

"அடி ஆத்தே! எம்புள்ள பொழைச்சிட்டான்!" சடைச்சி அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. மண்ணை வாரி இறைத்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்த மூக்காயிகூட முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குதித்தாள்.

வளர்ந்த சுருளிக்குப் பிறந்த குட்டிகளுக்கும் அதே சந்து.

அன்று முதல்தான் கரடிக்கு மேல்வாயில் நடுப்பல் இரண்டு கிடையாது. புற்றில் அது உறிஞ்சுகிற சத்தம் மலைச்சரிவெல்லாம் கேட்கிறது. தேனை விட்டுவிட்டதா என்கிறீர்களா? அது எங்கே விடும்! ஆனால் எந்தத் தாய்க்கரடியும் தூங்குகிற குட்டியின் வாயில் மட்டும் தேன் வைப்பதில்லை.