உச்சிக்கு வெள்ளித் தகடு

சங்கரலிங்க மிராசுதார் வீட்டுக் கொலுவில் அந்த வருஷம் கருங்காட்டுமலை. வேலைக்காரி வேலம்மா களிமண்ணில் மலை பிடித்தாள். அடிவாரப் புல்லுக்குக் கேழ்வரகு முளை, பாறைக்கு அடுப்புக்கரி.

மிராசுதார் உச்சியைப் பிய்த்து எறிந்தார். "இப்படியாடி இருந்துச்சு? நான் வேட்டைக்கு ஏறிப் பார்த்தவன்! சரியா வரலேன்னா வேலையை விட்டுப் போயிரு."

மறுபடி செய்தாள். மறுபடி பிய்த்தார்.

மூன்றாம் தடவை வேலம்மா உச்சியை மொட்டையாகவே விட்டாள். கொலு பார்க்க ஊர்ப்பெண்கள் கூடியதும் பணிவாகக் கேட்டாள்.

"ஐயா, உச்சிச் சுனைக்குக் கண்ணாடி வைக்கவா, வெள்ளித் தகடு வைக்கவா? ஏறிப் பார்த்தவுக நீங்கதான சொல்லணும்."

"வெள்ளிதாண்டி! என்னா தண்ணி! ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சேனே!"

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. வேலம்மாவும் அந்தப் பெண்கள் எல்லாரும் உச்சிவரை ஏறி விறகு பொறுக்கும் மலை அது. உச்சியில் சுனையும் கிடையாது, சொட்டுத் தண்ணீரும் கிடையாது.

மிராசுதாருக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது. கொலுப்படியில் இருந்த செட்டியார் பொம்மைகூடத் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்போ எதை வைக்க, ஐயா?" வேலம்மா விடவில்லை.

"நீ பார்த்ததையே வை, தாயி" என்றார், தரையைப் பார்த்தபடி.