முதல் தண்ணீருக்கு மூன்று ஆட்டங்கள்

இரண்டு ஊர்கள் ஒரே ஏரியை நம்பிப் பயிர் செய்த காலத்தில், வில்லவன் என்று ஒரு சிற்றரசன் இருந்தான். ஏரிக்கு மேற்கே மேலூர், கிழக்கே கீழூர். மழை இல்லாத வருடங்களில் முதல் தண்ணீர் யாருக்கு என்று அடிதடி வரும். வராமல் இருக்குமா? நாற்று காய்ந்தால் வருடம் முழுக்கப் பட்டினிதானே.

அடிதடி வேண்டாமென்று அரசனின் பாட்டன் ஒரு வழக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தான். இரண்டு ஊரும் மூன்று ஆட்டம் ஆட வேண்டும். இரண்டில் வெல்கிற ஊருக்கு முதல் தண்ணீர். எந்த மூன்று ஆட்டம் என்பதைப் போன முறை வென்ற ஊர் சொல்லும்.

வினையே இங்கேதான். மேலூர் ஆண்கள் வேலை ஒழிந்த நேரமெல்லாம் தாயக்கட்டை உருட்டுகிறவர்கள். ஒருமுறை வென்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மேலூர்த் தலைவன் சாத்தப்பன் சபையில் எழுந்து நிற்பான். முதல் ஆட்டம் தாயம் என்பான். இரண்டாம் ஆட்டம் தாயம் என்பான். மூன்றாம் ஆட்டமும் தாயம் என்பான். தண்ணீர் மேலூருக்கே போகும்.

அந்த வருடமும் மழை இல்லை. கீழூர் வெள்ளச்சியின் நாற்று நுனி கருகத் தொடங்கியிருந்தது. மறுபடி விதைக்க அவள் வீட்டில் நெல் இல்லை. சாத்தப்பன் மூன்று முறை தாயம் என்று சொல்லி உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள்.

“ஐயா, ஆட்டத்தை அவரே சொல்லட்டும். ஆடுகிறவர்களைக் குடத்தில் ஓலை போட்டு எடுக்கலாமா? ஊருக்கு ஒரு குடம். ஆண், பெண் எல்லார் பெயரும் இருக்கட்டும்.”

ஆடுகிறவர்களைப் பற்றிப் பாட்டன் ஒன்றும் சொல்லவில்லை. அரசன் சரி என்றான்.

“தாராளமாகப் போடட்டும்” என்று சாத்தப்பன் சிரித்தான்.

அவன் மனைவி உடையாளுக்குச் சிரிப்பு வரவில்லை. “பெண்கள் தாயக்கட்டையைத் தொட்டால் தரித்திரம் என்று சொன்னது நீங்கள்தானே? என் பெயர் வந்தால் அதை வைத்து நான் என்ன செய்ய? குழம்பில் போடவா?”

சாத்தப்பன் முகம் மாறியது. “அப்படியானால் மூன்றும் பல்லாங்குழி.”

“அண்ணே, அதில் குழி எத்தனை என்றே எங்களுக்குத் தெரியாதே” என்றான் பின்னாலிருந்து ஒரு மேலூர்க்காரன்.

“ஐயா, பத்து நாள் தாருங்கள். எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்” என்று சாத்தப்பன் அரசனிடம் கேட்டான்.

“என் நாற்று பத்து நாள் தாங்காது” என்றாள் வெள்ளச்சி.

ஆட்டம் இன்றைக்கே என்றான் அரசன். சாத்தப்பன் தன் ஊர் ஆண்களைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான். கடைசியில் ஆண்களுக்குத் தெரிந்த தாயம் ஒன்று, பெண்களுக்குத் தெரிந்த பல்லாங்குழி ஒன்று, எல்லாருக்கும் கொஞ்சம் வருகிற ஆடுபுலி ஒன்று என்று சொன்னான்.

தாயத்துக்கு ஒரு மேலூர் வண்டிக்காரன் பெயர் வந்தது. அவன் வென்றான். பல்லாங்குழிக்குச் சாத்தப்பன் பெயரே வந்தது. எந்தக் குழியில் எடுத்து எந்தக் குழியில் போடுவதென்று தெரியாமல் தோற்றான். ஆடுபுலிக்கு உடையாள் பெயர் வந்தது; ஆடுகளை வைத்துப் புலியை அடைக்கக் கடைசிவரை மல்லுக்கட்டினாள். ஆனாலும் எதிரே உட்கார்ந்த கீழூர்க் குயவனின் புலி தப்பிவிட்டது.

குறை சொல்லச் சாத்தப்பனுக்கு வாய் இல்லை. ஆட்டங்களைச் சொன்னது அவனேதான். அன்று மாலையே மடை கிழக்கே திறந்தது. வெள்ளச்சியின் நாற்றில் கருகிய நுனி கருகியதுதான். வேர் பிழைத்துக்கொண்டது.

தான் எந்த இடத்தில் உட்காரப் போகிறோம் என்று தெரியாமல் ஒருவன் வகுக்கிற விதிதான் எல்லாருக்கும் நியாயமாக இருக்கும்.