முப்பதுக்கு மேல் போகாத வண்டி

தாழையூத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஆசிரமம். அங்கே குருவாக இருந்த நாச்சியம்மைக்கு நாற்பது வயது இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சிங்காரவேலுவுக்கு அறுபது. மதுரை ரூட்டில் காலமெல்லாம் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர்.

வந்த அன்றே அவர் மிளகாயை விட்டார். உரக்கப் பேசுவதை விட்டார். வேகத்தையும் விட்டார். எதையும் விடச்சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

பக்தர் ஒருவர் ஆசிரமத்துக்குப் புது டீசல் கார் ஒன்றைக் கொடுத்தார். சாவி சிங்காரவேலுவிடம் வந்தது. பால் வாங்க, பூ வாங்க, பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிவர என்று தினமும் பக்கத்திலேயே ஓட்டுவார். வேகம் காட்டும் முள் முப்பதைத் தாண்டாது. தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல கியர் மாற்றுவார்.

ஒரு நாள் காலை வண்டியின் மீட்டர் பலகையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சின்ன மேட்டில் ஏறக்கூட வண்டி முனகியது. சிங்காரவேலு மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, நேரே வந்து குருவின் முன்னால் சாவியை வைத்தார். நாச்சியம்மை நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆளை வெச்சுக்கோங்க அம்மா."

"என்னாச்சு அண்ணாச்சி?"

"வண்டிக்கு மூச்சடைக்குது. ஒரு நாள்கூட நான் அதை விரட்டினதில்ல. ஒரு பள்ளத்துல இறக்கினதில்ல. பூப்போல வெச்சிருக்கிற வண்டிக்கு ஏன் அடைக்கணும்?"

"மெக்கானிக் என்ன சொல்லுதாரு?"

சிங்காரவேலு கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "புகை போற குழாயில ஒரு வடிகட்டி இருக்கு. அது கரியைப் பிடிச்சு வைக்கும். குழாய் நல்லா சூடானா கரி தானா எரிஞ்சு போயிரும். நான் ஓட்டுற ஓட்டுக்கு அது சூடே ஆகலயாம். சேர்ந்து சேர்ந்து அடைச்சுக்கிட்டுதாம்."

"சூடாக்க என்ன செய்யணுமாம்?"

"நாலுவழிச் சாலையில ஏத்தி, நிக்காம வேகமா ஓட்டணுமாம்."

"ஓட்டுங்க."

"அதைத்தானே அம்மா நான் விட்டது. அந்த வேகத்துக்காகவே பஸ் ஓட்ட வந்தவன் நான். இப்போ திரும்பத் தொட்டா, இங்க வந்து நான் ஒண்ணுமே ஆகலன்னு ஆயிரும். தொடாட்டி வண்டி நின்னுரும். நான் ஊருக்கே போயிருதேன்."

நாச்சியம்மை எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"மாடத்தி, கயத்தாறு வரைக்கும் வாரியா?"

குரு முன்சீட்டில் உட்கார, சமையல்காரி மாடத்தி கரண்டியோடு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஊர்ச்சாலையில் வண்டி முப்பதில் போயிற்று.

"அண்ணாச்சி, வைக்கோல் ஏத்தின டிராக்டர் நம்மள முந்துது" என்றாள் மாடத்தி.

"போகட்டும்."

"போகட்டும்தான். வைக்கோல் மேல ஒரு நாய் இருக்கு. அது நம்மளப் பார்த்து இளிக்குது."

குரு சிரித்துவிட்டார். சிங்காரவேலு சிரிக்கவில்லை.

நாலுவழிச் சாலை வந்தது. அவர் குருவின் முகத்தைப் பார்த்தார். "ம்" என்றார் குரு.

பெடலை மிதித்தார். வண்டி முதலில் இருமுகிறவனைப்போல இழுத்தது. அறுபதில் குரல் கனத்தது. எழுபதில் லேசாகக் கருகல் வாடை அடித்தது. பிறகு டர்போ விசிலடித்தது. வெளியே போகிற புகையே ஒரு சின்ன விசிறியைச் சுற்ற, அந்த விசிறி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சத்தம் அது. மூன்று பேர் முதுகும் சீட்டில் ஒட்டிக்கொண்டது.

சிங்காரவேலுவின் கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. மணல் லாரி ஒன்றை எண்ணெய்போல வழுக்கி முந்தினார். அடுத்து ஒரு எக்ஸ்பிரஸ் பஸ். அந்த டிரைவருக்கு ஒரு ஹாரன். தான் பாடத் தொடங்கிவிட்டது அவருக்கே தெரியவில்லை. வாய்க்கு வந்த பாட்டு, அதுவும் கண்ணாடி அதிரும் குரலில். மாடத்தி கரண்டியால் கதவில் தாளம் போட்டாள்.

கயத்தாறு வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. மாடத்திதான் முதலில் பார்த்தாள்.

"வெளக்கு போயிட்டு அண்ணாச்சி. இனி நிப்பாட்டலாம், பாட்டையும் சேர்த்து."

டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். மாடத்தி டீ சொல்ல இறங்கிப் போனாள். சிங்காரவேலுவுக்கு உடம்பெல்லாம் வியர்வை, முகமெல்லாம் பல். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தார். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். எஞ்சினை அணைக்கக் கை சாவிக்குப் போயிற்று.

குரு அந்தக் கையைப் பிடித்தார். "என்ன அவசரம்?"

"பயமா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருந்துது. அணைச்சிட்டு, சாவியை உங்ககிட்டயே குடுத்திருதேன்."

"இவ்வளவு தூரம் ஓடி வந்த வண்டியை உடனே அணைச்சா என்ன ஆகும்?"

"டர்போ போயிரும். உள்ள விசிறி இன்னும் சுத்திக்கிட்டிருக்கும், ஆயில் நின்னுரும். சூட்டுலயே கருகிரும்."

"அதுக்கு என்ன செய்வாங்க?"

"கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிடுவாங்க."

"அப்போ நீங்களும் கொஞ்ச நேரம் நல்லாவே இருங்க அண்ணாச்சி."