எட்டு ஆளும் என் ஆட்டத்துக்கே

ஆலங்கோட்டு ராஜா மகுடேசுவரருக்கு வேட்டையில் நாட்டமில்லை, யானையேற்றத்திலும் நாட்டமில்லை. அவருடைய உயிரெல்லாம் கம்ப்யூட்டரில் கோட்டை பிடிக்கும் விளையாட்டில்தான் இருந்தது. அதையும் யாரோ ஒருவர் வீட்டு சர்வரில் போய் ஆடுவது ராஜாவுக்கு அழகில்லை அல்லவா? அரண்மனையிலேயே ஓர் அறையை ஒதுக்கி, பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, அதையே சர்வராக்கி விளையாட்டை நடத்தினார். குடிமக்கள் அவரவர் வீட்டிலிருந்து அதற்குள் வந்து ஆடுவார்கள். ராஜாவிடம் பதமாகத் தோற்றுவிட்டுப் போவார்கள்.

தோற்க மறுத்த ஒரே மனிதர் அவருடைய மாமனார், பக்கத்து நாட்டு அரசர்.

போன வெள்ளிக்கிழமை ராஜா மாமனாரின் கோட்டைச் சுவரில் ஏறிவிட்டார். உச்சிக்கு ஒரே ஒரு பிடி பாக்கி. அந்த நேரம் பார்த்து ஆட்டம் திக்கியது. ராஜாவின் வீரன் ஒரு காலைத் தூக்கியபடி சுவரிலேயே நின்றுவிட்டான். மாமனார் நிதானமாக வந்து கீழே தள்ளிவிட்டார். "மாப்பிள்ளை சுவரில் ஏறும்போதே கண்ணயர்ந்துவிட்டார் போலிருக்கிறது" என்று மகளுக்குச் செய்தியும் அனுப்பினார். ராணி அதைப் படித்துச் சிரித்தாள். ராஜாவுக்குத் தோற்றதைவிட அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் சபை கூடியது. சர்வரைக் கவனித்துவந்தவள் செங்கமலம். வாய்ச் சாமர்த்தியத்துக்கும் அவள்தான் அந்தச் சபையில் பேர்போனவள். தளபதி ரணசிங்கத்துக்கு அவளையும் பிடிக்காது, அவள் வாயையும் பிடிக்காது.

"மகாராஜா, அந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை கோர் என்று இவளைக் கேளுங்கள்" என்றார் தளபதி.

"கோர் என்றால்?" என்றார் ராஜா.

"பெட்டிக்குள் இருக்கிற வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. மொத்தம் எட்டு ஆள்" என்றாள் செங்கமலம்.

"என் ஆட்டத்துக்கு எத்தனை ஆள்?"

"ஆறு."

தளபதி மீசையைத் தடவிக்கொண்டார். "மீதி இரண்டு பேர் யாருக்கு வேலை பார்க்கிறார்கள்? கேளுங்கள் மகாராஜா."

"மகாராஜா, பெட்டிக்கும் சொந்த வேலை உண்டு. வருகிறவர்களை உள்ளே விட வேண்டும், சொல்லுகிற சேதியைக் கொண்டுபோக வேண்டும்..."

ராஜாவின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. சுவரில் தொங்கிய ஒற்றைக் கால்தான் கண்ணுக்குள் நின்றது. "போதும். நாளைக் காலையில் மாமனார் நேரிலேயே வந்து ஆடப்போகிறார். எட்டு வேலையாட்களும் என் ஆட்டத்துக்கே வர வேண்டும். ஒருத்தன்கூட வேறு வேலை பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஆட்டம் திக்கினால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது."

செங்கமலம் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டாள். எட்டையும் ஆட்டத்துக்குக் கொடுத்தால் பெட்டி மூச்சுத் திணறும். ஆட்டம் திக்குவது நிச்சயம். கொடுக்காவிட்டால் உத்தரவை மீறிய குற்றம். தளபதி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள், "உத்தரவு மகாராஜா. சொன்ன சொல் மாறாமல் செய்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ராஜா ஆட உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம். சமையல்காரர், வாயில்காவலர், தோட்டக்காரர், வண்ணார் என்று அரண்மனை வேலையாட்கள் எட்டுப் பேரும் கைகட்டி நின்றார்கள்.

"இவர்கள் எதற்கு?"

"எட்டு வேலையாட்களும் ஆட்டத்துக்கே என்று உத்தரவாயிற்றே மகாராஜா" என்றாள் செங்கமலம்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் பேச்சு வளர்க்க நேரமில்லை. "சரி, முதலில் காப்பி கொண்டு வா" என்றார் சமையல்காரரிடம்.

சமையல்காரர் செங்கமலத்தைப் பார்த்தார். "வேறு வேலை பார்க்கக் கூடாதாமே மகாராஜா" என்றார் மெதுவாக.

காப்பி வரவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து ராஜாவுக்குத் தலை வலித்தது. மாமனாரையும் காணோம். "பயந்துவிட்டாரோ?" என்று ராஜா முகம் மலர்ந்த நேரத்தில், ராணி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அப்பா வாசலில் நிற்கிறார். கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்துவிட்டது. திறக்க ஓர் ஆள் இல்லையா இந்த அரண்மனையில்?"

ராஜா வாயில்காவலரைப் பார்த்தார். அவர் இம்மியும் அசையாமல் நின்றார்.

வேறு வழியில்லை. ராஜாவே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்து, "காவல் வேலையும் மாப்பிள்ளைதானா?" என்று கேட்டார்.

அவரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு ராஜா திரும்பி வந்தார். எட்டுப் பேரையும் ஒருமுறை பார்த்தார். செங்கமலத்தைப் பார்த்தார்.

"பெட்டிக்குள்ளும் இதே கதைதானா?"

"இதே கதைதான் மகாராஜா. எட்டுப் பேரும் ஆட்டத்தில் நின்றால் கதவு திறக்க ஆளில்லை. எதிராளி வெளியே நிற்பார். நீங்கள் தனியாக ஆட வேண்டியதுதான்."

ராஜாவுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எட்டுப் பேரையும் அவரவர் வேலைக்கு அனுப்பினார். ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "அப்படியானால் போன வெள்ளிக்கிழமை ஏன் திக்கியது?"

"ஆட்டத்துக்கு விட்ட ஆறு பேரையும் வேறொருவர் இழுத்துக்கொண்டார் மகாராஜா. தளபதியார் தம்முடைய வீரதீரங்களை வீடியோப் படம் பிடித்து, அதே பெட்டியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்."

ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தளபதியின் மீசை தொங்கிவிட்டது. "அது... நாட்டின் பெருமைக்காக மகாராஜா."

ராஜா தீர்ப்புச் சொன்னார். ஆட்டத்துக்கு ஆறு ஆள். பெட்டியின் சொந்த வேலைக்கு ஓர் ஆள். தளபதியின் படத்துக்கு ஓர் ஆள், அந்த ஆளைத் தாண்டி இன்னொருவனைத் தொடக் கூடாது. செங்கமலம் அப்படியே பிரித்துக் கட்டினாள். அன்று ஆட்டம் எண்ணெய் விட்டதுபோல ஓடியது. மாமனாரின் கோட்டையில் ராஜாவின் கொடி பறந்தது. ராஜா தம் கழுத்து மாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

தளபதிக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, என் பராக்கிரமம் முழுவதையும் ஒரே ஓர் ஆள் எப்படி வெட்டி ஒட்டி முடிப்பான்? வருஷக்கணக்காகுமே."

"கவலைப்படாதீர்கள் தளபதியாரே" என்றாள் செங்கமலம். "நீங்கள் குதிரையிலிருந்து விழுகிற இடங்களை வெட்டிவிட்டால், மிச்சமிருப்பதற்கு அந்த ஓர் ஆளே அதிகம்."